கோயில் வீதியில் ஒரு சவண்டலைக்கு இடம் கேட்டு

திருகோணமலை மாவட்டத்துக் கோயில்களின் பரிபாலன சபைத் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொருளாளர்கள் பயப்பட வேண்டாம். நன்கொடைச் சிட்டை எதுவும் கையில் இல்லை. நான் கேட்பது இவ்வளவுதான்: உங்கள் கோயில் வெளிவீதியில், மதிலுக்கு உட்புறமாக, பத்தடிக்குப் பத்தடி வெறும் மண். சீமெந்து போடாத, கல் பதிக்காத மண். அதில் ஒரு சவண்டலை மரக்கன்று வைக்க வேண்டும். கேட்பது சின்னது, காரணம்தான் கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

நான் ஓர் ஓடாவியின் மகன். அப்பா வண்டில் செய்தார், வள்ளம் செய்தார், கதவுநிலை செய்தார். என்னைப் படிக்க அனுப்பினார். நான் கந்தோரில் எழுதுகிற வேலைக்குப் போய், வாய்ச்சியைக் கையால் தொடாமலே ஓய்வூதியமும் எடுத்துவிட்டேன். மரத்தைப் பார்த்தால் வெட்டுமுகத்தைத் தேடுகிற பழக்கம் மட்டும் அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

மகள் இங்கிலாந்தில், சரே என்ற பகுதியில் இருக்கிறாள். அவளிடம் போயிருந்தபோது மருமகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை குரோஹர்ஸ்ட் என்ற சின்னக் கிராமத்துக்குக் கூட்டிப் போனார். “மாமா, உங்களுக்கு ஒரு மரம் காட்டுகிறேன்” என்றார். மரம் பார்க்கக் கார் ஓட்டிப் போவதா என்று நினைத்துக்கொண்டுதான் ஏறினேன். கிராமத்துத் தேவாலயம், சுற்றிலும் கல்லறைகள், நடுவில் ஒரு யூ (yew) மரம். அடிமரத்தின் சுற்றளவு முப்பது அடிக்கு மேல். உள்ளே கோறையாகிவிட்டது. அந்தக் கோறைக்கு ஒரு கதவு போட்டிருக்கிறார்கள். ஆமாம், கீலோடு, பலகைக் கதவு. கன்னத்தை ஒட்டி இடுக்கால் எட்டிப் பார்த்தேன். ஒரே இருட்டு. பழைய பெட்டகத்தைத் திறந்தால் வருகிற வாசனை.

மரம் எத்தனை வயது என்று கேட்டேன். ஆயிரத்துக்கும் மேல் என்றார். கோறையான மரத்தின் வளையங்களை யார் எண்ணுவது? ஆனால் அந்தத் தேவாலயத்தைவிட மரம் மூத்தது என்று ஊரார் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஸ்கொட்லாந்தில் ஃபோர்டிங்கல் என்ற ஊரில் இன்னொரு யூ நிற்கிறதாம். அதற்கு இரண்டாயிரம், மூவாயிரம் என்று மதிப்புச் சொல்கிறார்கள். அதுவும் தேவாலய வளவுக்குள்தான்.

காற்றில் முறிந்த கிளை ஒன்றை யாரோ அறுத்து மதிலோரம் போட்டிருந்தார்கள். குனிந்து பார்த்தேன். அவித்த முட்டையைக் குறுக்கே அறுத்தது போல இருந்தது: வெளியே மெல்லிய வெள்ளை வளையம், உள்ளே செம்மஞ்சள் கரு. வெள்ளை வெளிறு, உள்ளே இருப்பது வயிரம். அப்பாவாக இருந்தால் வெளிற்றைச் சீவி அடுப்புக்கு எறிந்திருப்பார், பூச்சி அரிக்கும் என்று. இங்கிலாந்தின் வில் செய்பவர்கள் அதைச் செய்யவில்லை. இரண்டும் ஒட்டியிருக்கும்படியாகவே ஒரே கழியைச் சீவியிருக்கிறார்கள். வில்லை வளைக்கும்போது எய்பவனுக்கு எதிர்ப்பக்கம் இழுபடும். அங்கே இழுபட்டாலும் அறாத வெளிறு. அவன் பக்கம் நசுங்கும். அங்கே நசுங்கினாலும் மீண்டு எழுகிற வயிரம். இரண்டு மரத்தைப் பசை போட்டு ஒட்டிச் செய்ய வேண்டிய வேலையை மரம் தானே செய்து வைத்திருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட முதல் ஆசாரி யாரோ, அவன் காலில் விழலாம்.

அது எப்போதோ புரிந்துவிட்டது. அல்ப்ஸ் மலைப் பனிக்குள் 1991இல் கண்டெடுத்த, ஐயாயிரம் ஆண்டுக்கு முந்திய மனிதனிடம் பாதி செய்த யூ வில் ஒன்று இருந்தது. அவனுடைய செப்புக் கோடரியின் பிடியும் யூதான். இங்கிலாந்தின் கிளாக்டன் கடற்கரையில் 1911இல் கிடைத்த ஈட்டி முனையும் யூ. அதன் வயது சுமார் நான்கு இலட்சம் ஆண்டு என்கிறார்கள். நம்மைப் போன்ற மனிதர் உண்டாவதற்கு முன்னால் யாரோ உட்கார்ந்து சீவியது. மேரி றோஸ் என்ற போர்க்கப்பல் 1545இல் மூழ்கியது, 1982இல் தூக்கினார்கள். சேற்றுக்குள் இருந்து 137 முழு வில்கள் வந்தன. நம் வள்ளங்கள் கரையில் கிடந்தே நாலு மாரியில் உளுத்துப் போகின்றன.

சரி, இவ்வளவு வில்லுக்கும் மரம் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் வளர்ந்த யூ கோணலும் முடிச்சுமாக இருக்குமாம், நேரான கழி குறைவு. ஆகவே வெளியிலிருந்து இறக்கினார்கள். 1472இல் ஒரு சட்டமே போட்டார்கள்: இங்கிலாந்துத் துறைமுகத்துக்குச் சரக்குக் கொண்டு வருகிற கப்பல், ஒவ்வொரு டன் சரக்குக்கும் நான்கு வில்கழி சேர்த்துக் கொண்டுவர வேண்டும். வைன் ஏற்றி வந்தாலும் வில்கழி, துணி ஏற்றி வந்தாலும் வில்கழி. விளைவு, ஒஸ்திரியாவிலும் பவேரியாவிலும் மலைச்சரிவுகளில் நின்ற யூக்களை ஏறக்குறைய வழித்துத் துடைத்துவிட்டார்கள். துவக்கு வந்து வில்லின் காலம் முடிந்தபோது வெட்டுவதற்கும் அதிகம் மிச்சமில்லை.

தேவாலய மதிலுக்குள் நின்றவை தப்பின. அங்கே ஏன் யூ நட்டார்கள் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். இலை, விதை எல்லாம் நஞ்சு, குதிரையும் மாடும் தின்றால் சாகும், ஆகவே மாட்டுக்காரர் கல்லறைப் பக்கம் மேய்க்க வரமாட்டார்கள் என்பது ஒன்று. எப்போதும் பச்சையாக இருப்பதால் சாகாமைக்கு அடையாளம் என்பது இன்னொன்று. கிறிஸ்தவம் வருவதற்கு முன்பே அந்த இடங்கள் கும்பிடுகிற இடங்களாக இருந்தன, மரத்தைத் தேடித்தான் கோயில் வந்தது என்பது மூன்றாவது. எது சரியானாலும் எனக்குக் கவலையில்லை. சிவப்புப் பழத்தின் சதை மட்டும் நஞ்சில்லை, உள்ளிருக்கும் விதை கொல்லும். பேத்தி ஒன்றைப் பொறுக்கப் போய் மகள் போட்ட சத்தத்தில் கல்லறையில் கிடந்தவர்களே எழும்பியிருப்பார்கள்.

நஞ்சைப் பற்றி இன்னொன்று. என் தங்கைக்குப் புற்றுநோய் வந்தபோது ஏற்றிய மருந்துப் போத்தலில் பக்லிடாக்செல் என்று எழுதியிருந்தது. அது யூவின் பிள்ளை என்று அப்போது எனக்குத் தெரியாது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் யூவின் பட்டையை 1962இல் சேகரித்து ஆராயத் தொடங்கி, 1971இல் அந்தப் பொருளின் அமைப்பைக் கண்டுபிடித்து, 1992இல் மருந்தாக அங்கீகரித்தார்கள். பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். எத்தனை மரத்தைத்தான் உரிப்பது? பிறகு ஐரோப்பிய யூவின் இலையிலிருந்து ஒரு மூலப்பொருளை எடுத்து, மீதியை ஆய்வுகூடத்தில் செய்து முடிக்கிற வழியைப் பிடித்தார்கள். இலையைக் கிள்ளினால் திரும்பத் துளிர்க்கும் அல்லவா. விறகு வண்டில்காரர்கூட ஏற்றாத ஒரு கோணல் மரத்தில் யாருடைய உயிர் ஒளிந்திருக்கிறதோ.

இனி நம்முடைய மரம்.

வில்லுக்கு யூ என்றால், வண்டிலுக்கும் வள்ளத்துக்கும் சவண்டலை. சிங்களத்தில் ஹல்மில்ல. மேசைக்கும் கதவுக்கும் முதிரை, பாலை என்று கேட்கத் தெரிந்த நம் சனத்துக்கு இன்று சவண்டலை என்றால் அது என்ன கீரையா என்கிற நிலை. ஆங்கிலேயர் இதற்கு வைத்த பெயர் ‘திரிங்கோமலி வுட்’. திருகோணமலை மரம். ஊரின் பெயரையே ஒரு மரத்துக்கு வைத்து வியாபாரம் செய்திருக்கிறார்கள். நம் துறைமுகத்திலிருந்து ஏற்றியதால் வந்த பெயர் அது. தாவரவியலில் பெரியா கோர்டிஃபோலியா. ‘பெரியா’ என்பதைப் பார்த்து நம் பெரிய என்று மகிழ வேண்டாம், அது சென்னையில் இருந்த அன்ட்ரூ பெரி என்ற வைத்தியரின் பெயர்.

சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் வெளியே ஆழத்தில் நங்கூரம் போடும். அங்கிருந்து கரைக்கு ஆளையும் சரக்கையும் கொண்டு வந்தவை மசூலா படகுகள். அலை உடைகிற இடத்தைத் தாண்ட வேண்டும், கரையில் மோதி இறங்க வேண்டும். ஆணி அடித்த படகென்றால் அந்த மோதலில் இணைப்பு விட்டுப்போகும். ஆகவே பலகைக்குப் பலகை கயிற்றால் தைப்பார்கள், மோதும்போது படகு முழுவதும் நெளிந்து கொடுக்கும். அந்தப் படகுகளுக்குத் திருகோணமலையிலிருந்து சவண்டலை போனது. அது மட்டுமா, பீரங்கி வண்டி, சில்லு, கப்பலில் நங்கூரம் சுற்றும் தடி, பீப்பாய் என்று அந்தக் காலக் கடற்படையின் சாமான்கள் பலவற்றுக்கும் இந்த மரத்தைத் தேடினார்கள். கோயில்காரருக்கு எழுதும் மடலில் சாராயத்தை இழுப்பதற்கு மன்னியுங்கள்: தென்னஞ்சாராயத்தை ஊறவைக்கிற பெரிய மரத்தொட்டிகளுக்கு இன்றைக்கும் ஹல்மில்லதான். சொட்டுக் கசியாது, மணத்தையும் கெடுக்காது.

இடையில் ஒரு வேடிக்கை. நம் ஊரின் பெயரைத் தாங்கிய பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்று இன்றும் மிதக்கிறது. இங்கிலாந்தின் வடக்கே ஹார்ட்டில்பூல் என்ற ஊரில், அருங்காட்சியகமாக. 1817இல் பம்பாயில் வெள்ளோட்டம் விட்டது. கட்டியது மலபார்த் தேக்கில். நம் ஊர்ப் பெயர் கொண்ட கப்பல் தேக்கால், நம் ஊர்ப் பெயர் கொண்ட மரமோ மற்றவர்களின் படகுக்கும் பீப்பாய்க்கும்.

அப்பா வண்டில் சில்லுக்குக் குடம் ஒரு மரத்தில் எடுப்பார், ஆரக்காலும் வட்டையும் கூடிய மட்டும் சவண்டலையில். வயிரம் கடுஞ்சிவப்பு. பாரம். ஆனால் பாரமான மரம் எல்லாம் செய்யாத ஒன்றை இது செய்யும், வளைந்து கொடுக்கும். பள்ளத்தில் சில்லு விழும்போது அந்த அடியை வாங்கிக்கொண்டு பிளக்காமல் நிற்கும். முதலில் துளை போடாமல் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். “இதுக்கு ரோஷம் இருக்கு, கேட்டுப் போட்டுத்தான் உள்ள போக வேணும்” என்பார். வள்ளத்துக்கு வங்குக்கால், அதாவது வள்ளத்தின் விலா எலும்பு போன்ற வளைசட்டம், எடுக்கும்போது வளர்ச்சியிலேயே வளைந்த கொப்பைத் தேடி மரக்காலை மரக்காலையாக அலைவார். நேர் மரத்தை வளைவாக வெட்டினால் நார் குறுக்கே அறுபடும், பலம் போய்விடும் என்பது அவர் கணக்கு.

அவர் செய்த சில்லின் ஆரக்கால் ஒன்று மட்டும் என் வீட்டில் இருக்கிறது. வண்டில் போன பிறகு அம்மா அதைக் கதவுக்குக் குறுக்குத் தடியாக வைத்திருந்தா. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது கூரை இல்லை, யன்னல் இல்லை, கதவும் இல்லை. இந்தத் தடி முற்றத்தில் மழையிலும் வெயிலிலும் கிடந்தது. துடைத்து எடுத்தேன். ஒரு முனை கொஞ்சம் சாம்பல் நிறமானது தவிர ஒன்றும் ஆகவில்லை. இப்போது வீட்டில் பாம்பு அடிக்க வைத்திருக்கிறோம். இதுவரை ஒன்றையும் அடிக்கவில்லை.

ஏன் காட்டு இலாகாவுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். காட்டில் நிற்கிற சவண்டலைக்குச் சட்டம் இருக்கிறது, அனுமதிப்பத்திரம் இல்லாமல் லொறியில் ஏற்ற முடியாது. இருந்தும் நல்ல மரத்துக்கு அதன் பெறுமதிதான் எதிரி. முந்நூறு ஆண்டு நிற்கவிடுகிற பொறுமை சட்டத்துக்கு இல்லை, கோயிலுக்கு இருக்கிறது. அநுராதபுரத்து அரசமரம் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக நிற்பது யாருடைய காவலில்? இங்கிலாந்தின் பழைய யூக்கள் யாருடைய காவலில்? நம் கோணேசர் கோயிலையே போர்த்துக்கேயர் இடித்தார்கள், கட்டடம் போயிற்று. ஆனால் தலவிருட்சம் கல்லாலம் என்ற நினைவு போகவில்லை. சம்பந்தர் இந்தக் கரையைப் பாடும்போதும் சந்தனத்தையும் அகிலையும் அலை கொண்டுவந்து சேர்க்கிறது. மரம் இல்லாத கோயிலை நம் ஆட்கள் நினைத்தே பார்த்ததில்லை.

இப்போது நினைக்கத் தொடங்கிவிட்டோம். நான் கும்பிடுகிற கோயிலின் பெயர் சொல்ல மாட்டேன். கும்பாபிஷேகத்துக்கு முன்னால் வெளிவீதி முழுக்க இன்டர்லொக் கல் பதித்தோம். வெளிவீதியில் இரண்டு வேம்பும் ஒரு மகிழும் நின்றன. இலை கொட்டுகிறது, கல் கறைபடும் என்று பேச்சு வந்தது. வெட்டினோம். ‘வெட்டினோம்’ என்று நான் எழுதுவது பணிவுக்காக அல்ல. அந்தக் கூட்டத்தில் நானும் கையைத் தூக்கினேன், தேத்தண்ணி ஆறுகிறது என்ற அவசரத்தில். அடுத்த தேர்த்திருவிழாவன்று பகல் பதினொரு மணிக்கு அங்கப்பிரதட்சணம் வந்தவர்களுக்கு உடம்பு வெந்தது. பவுசர் பிடித்துத் தண்ணீர் அடித்தோம். சனம் தகரப் பந்தலுக்குக் கீழே நெருக்கியடித்து நின்றது. வாடகைக்கு எடுத்த பந்தல். மகிழமரம் வாடகை கேட்டதில்லை.

உங்கள் கூட்டத்தில் என்னென்ன சொல்வார்கள் என்று தெரியும், கூட்டம் பல கண்டவன் நான்.

சவண்டலை சாத்திரத்தில் இல்லையே என்று ஐயா ஒருவர் கட்டாயம் சொல்வார். நான் தலவிருட்சத்தை மாற்றச் சொல்லவில்லை. வில்வம் வில்வமாகவே இருக்கட்டும், அதன் பூசையில் ஒரு பங்கும் இதற்கு வேண்டாம். வேர் மதிலைத் தூக்கும் என்பார்கள். மதிலிலிருந்து இருபதடி தள்ளி வையுங்கள். இருபதடி இல்லாத கோயில் என்றால் விட்டுவிடுங்கள், அங்கே ஒரு துளசியோடு நிற்பது நல்லது. அப்புறம், மரம் முற்றினால் வெட்டி விற்கலாமா, மண்டபத்துக்குக் கதவு செய்யலாமா என்று ஒருவர் கணக்குப் போடுவார். அவருக்குப் பதில்: நாம் யாரும் இருக்க மாட்டோம். இது சடசடவென்று வளருகிற சாதி இல்லை.

வைப்பது கஷ்டமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்ததும் வைத்தால் மாரி முழுக்கத் தண்ணீர் கிடைக்கும். முதல் இரண்டு கோடைக்கு மட்டும் வாரத்தில் இரண்டு வாளி. கல்யாண மண்டபத்தில் கை கழுவுகிற தண்ணீர் போதும், சவர்க்காரம் கலக்காதது. கூடு கட்டாயம் வேண்டும். யூவைப் போல இதற்குத் தன்னைக் காக்க நஞ்சு இல்லை. கட்டாக்காலி மாடு ஒரு பக்கம், நம் பட்டினத்துப் புள்ளிமான்கள் மறுபக்கம். கோட்டை வாசலில் வாழைப்பழத் தோல் தின்று பழகிய மானுக்கு இளங்குருத்து பிரியாணி. ஆறடி உயரத்துக்கு வலை அடியுங்கள்.

விதையிலிருந்து போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காய் பார்க்க அழகு: காய்ந்ததும் ஆறு இறக்கை விரித்து, மேலிருந்து விட்டால் பம்பரமாகச் சுற்றி இறங்கும். பிள்ளைகள் விட மாட்டார்கள். ஆனால் உள்ளே விதையைச் சுற்றிச் சுணை இருக்கிறது, கையில் ஏறினால் கடிக்கும். நான் முதல் தடவை வெறுங்கையால் பிரித்து, இரவு முழுக்கத் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு இருந்தேன். கையுறை போடுங்கள், அல்லது பழைய சொக்ஸ்.

மரத்தடியில் பெயர்ப்பலகை வைக்க நினைத்தால் நன்கொடையாளர் பெயர் வேண்டாம். சவண்டலை என்று தமிழில், ஹல்மில்ல என்று சிங்களத்தில், திருகோணமலை மரம் என்று கீழே. தகரத்தை அடிமரத்தில் ஆணியால் அறைய வேண்டாம், பக்கத்தில் தனிக்கம்பம் நடுங்கள். ஆணி எப்படியும் வளையும் என்பது வேறு கதை.

என் வீட்டுப் பின்வளவில் பையில் பதினொரு கன்றுகள் நிற்கின்றன. முழங்கால் உயரம், இதய வடிவ இலை. ஒரு கோயிலுக்கு ஒன்று. கார்த்திகைக்கு முன் ஆள் அனுப்பினால் தருவேன், தூக்கிப் போக ஒரு சாக்கு மட்டும் கொண்டு வரச் சொல்லுங்கள். இந்த மடலை எழுதி முடிக்கிற நேரம் எட்டிப் பார்த்தேன், படலையைத் திறந்து வைத்தது யாரென்று தெரியவில்லை, ஒன்றின் குருத்தை மான் கடித்துவிட்டது. பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஓடாவியின் மகன்,
உப்புவெளி.